தராசில் லேசு, கையில் லேசு: சப் சர்ஃபிங்குக்குத் துடுப்பு வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னைக்குப் பக்கத்தில் உள்ள கோவளம் கடற்கரையில், பலகையில் நின்றபடி துடுப்பு போட்டு அலை பிடிக்கும் சப் (ஸ்டாண்ட்-அப் பேடில்) சர்ஃபிங்குக்குப் போன ஒரு காலை. அலை நன்றாக வந்துகொண்டிருந்தது, நான் மட்டும் மணலில் உட்கார்ந்து வலது தோளைப் பிசைந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் என் அலுமினியத் துடுப்பை எடுத்து ஒருமுறை தூக்கிப் பார்த்தார். பிறகு காதருகே வைத்து ஆட்டினார்.

"இன்னா தம்பி, உள்ள தண்ணி கலக்குது?"

உண்மைதான். நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற அந்தத் துடுப்பின் தண்டுக்குள் பொத்தான் துளை வழியாகக் கடல்நீர் புகுந்திருந்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். உள்விட்டம் 26 மி.மீ. உள்ள குழாயில் 40 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஏறத்தாழ 210 கிராம். ஏற்கெனவே ஒரு கிலோ இருந்த துடுப்பு அது. அதற்கு மேல் ஒரு டம்ளர் கடலையும் சுமந்துகொண்டு இரண்டு வாரம் அலை பிடிக்கப் போராடியிருக்கிறேன்.

அன்றுதான் லேசான துடுப்பு தேட ஆரம்பித்தேன். அதற்கப்புறம் வாங்கிய முதல் துடுப்பும் தவறு. 'முழு கார்பன், 520 கிராம்' என்று ஓர் இணையக் கடையில் போட்டிருந்தார்கள். வந்ததைச் சமையலறைத் தராசில் வைத்தால் 760 காட்டியது. தண்டு மட்டும்தான் கார்பன் இழை, பிளேடு (தண்ணீரைத் தள்ளும் தட்டையான அடிப்பகுதி) நைலான். அந்த 760 கிராமில் பெரும்பங்கு எங்கே இருந்தது என்பதுதான் உண்மையான கோளாறு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

நின்றபடி பலகையில் துடுப்பு போடுவதை உலகத்துக்குப் பரப்பியது ஹவாய். வைக்கீக்கி கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளுக்கு சர்ஃபிங் சொல்லிக்கொடுத்த ஆட்கள் கையில் துடுப்போடு நின்றே அலையில் வந்திருக்கிறார்கள். 1990களில் மாவி தீவில் லேர்ட் ஹாமில்டனும் டேவ் கலாமாவும் அதைத் திரும்ப எடுத்து இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் நம் கிழக்குக் கரைக்காரருக்கு இந்தக் காட்சி புதிதில்லை. கட்டுமரத்தில் மண்டியிட்டும் நின்றும் துடுப்பு போட்டுக் கரையோர அலையைத் தாண்டியவர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்கிற சொல்லே நம் கட்டுமரம்தான். அதனால் அந்தப் பெரியவர் காதருகே வைத்தே நோயைக் கண்டுபிடித்ததில் ஆச்சரியம் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த வழிகாட்டி அலையில் சப் ஓட்டுகிறவர்களுக்கானது. முட்டுக்காடு உப்பங்கழியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நிதானமாக ஒரு சுற்று வருவது மட்டும்தான் நோக்கம் என்றால், கீழே சொல்லும் நீளக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அது உங்களுக்குக் கொஞ்சம் குட்டையாகவே இருக்கும்.

லேசு ஏன் முக்கியம்?

ஒரு மணி நேரம் கடலில் இருக்கிறீர்கள். அலைக்குக் காத்திருக்கும் நேரத்தைக் கழித்தால் உண்மையில் துடுப்பு போடுவது அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 40 முறை என்றால் 1,200 வீச்சு. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து முன்னால் கொண்டுபோக வேண்டும். ஒரு கிலோ துடுப்புக்கும் 550 கிராம் துடுப்புக்கும் உள்ள வித்தியாசம் 450 கிராம். 1,200 முறைக்கு 540 கிலோ. அரை டன்னுக்கு மேல்! துடுப்பின் முழு எடையையும் ஒவ்வொரு முறையும் தூக்குவதில்லை என்பதால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் மாலையில் தோள் ஏன் வலிக்கிறது என்பது இதிலிருந்து புரியும்.

அலையில் இன்னொரு காரணமும் உண்டு. அலை எந்தப் பக்கம் உடையப்போகிறது என்று கடைசி நொடியில்தான் தெரியும். அப்போது துடுப்பை இடமிருந்து வலம் மாற்றி நான்கு வேகமான வீச்சு போட்டால்தான் அலை கிடைக்கும். கனமான துடுப்பு அந்த அரை நொடியைத் தின்றுவிடும். அலை உங்களை விட்டுவிட்டுப் போய்விடும்.

ஆனாலும் எடையிலிருந்து தேடலைத் தொடங்காதீர்கள். நீளம், பிளேடு அளவு, எடை. இந்த வரிசையில் போங்கள். தப்பான நீளத்தில் உள்ள 450 கிராம் துடுப்பைவிடச் சரியான நீளத்தில் உள்ள 700 கிராம் துடுப்பு தோளுக்கு நல்லது.

படி 1: நீளம்

நேராக நின்று ஒரு கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, மணிக்கட்டு மடங்கும் இடத்தில் கைப்பிடி வந்தால் சரி என்று பல இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அமைதியான தண்ணீருக்கு அது பரவாயில்லை. அங்கே உயரத்தோடு 8 முதல் 10 அங்குலம் கூட்டுவது வழக்கம். பந்தயத்துக்குப் போகிறவர்கள் அதைவிடவும் கொஞ்சம் நீளமாக வைத்துக்கொள்வதுண்டு. கோவளத்தில் வளர்ந்து தேசிய அளவில் சப் பட்டங்களை வென்ற சேகர் பச்சை போன்றவர்களைப் பார்த்துவிட்டு அதே நீளத்தில் துடுப்பு வேண்டும் என்று ஆசைப்படும் புதியவர்களைப் பார்த்திருக்கிறேன். பந்தயப் பலகையில் நிமிர்ந்து நின்று முன்னால் எட்டிக் குத்துவது வேறு வேலை, அலையில் முட்டியை மடக்கித் தாழ்ந்து திரும்புவது வேறு வேலை.

அலைக்கு உங்கள் உயரத்தோடு 2 முதல் 6 அங்குலம் கூட்டினால் போதும். என் உயரம் 172 செ.மீ., துடுப்பு 182 செ.மீ. அதாவது 4 அங்குலம் கூடுதல். ஆரம்பத்தில் 190இல் வைத்திருந்தேன். மேல் கை ஒவ்வொரு வீச்சிலும் நெற்றிக்கு மேல் போகும். தோள் மூட்டுக்கு அதைவிடக் கெட்ட பழக்கம் கிடையாது. அலையில் இறங்கும்போது கைப்பிடி எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்புக்குக் குறுக்கே இடித்துக்கொண்டிருக்கும்.

ரொம்பக் குட்டையாக எடுத்தாலும் சிக்கல்தான். அலைக்காக இரண்டு மணி நேரம் குனிந்தே துடுப்பு போட்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் 6 அங்குலம் கூடுதலில் தொடங்கி, கால் நிலைத்த பிறகு ஓர் அங்குலம் ஓர் அங்குலமாகக் குறைப்பது நல்லது. துடுப்பை வெட்டலாம், ஒட்ட முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

பலகையின் கனமும் இதில் சேரும். மிதப்பு அதிகமான தடித்த பலகையில் நீங்கள் தண்ணீரிலிருந்து உயரத்தில் நிற்பீர்கள். சிறிய சர்ஃப் பலகை உங்கள் எடையில் பாதி அமிழ்ந்தே இருக்கும். பலகையை மாற்றினால் நீளத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: பிளேடு

பிளேடின் அளவைச் சதுர அங்குலத்தில் சொல்வார்கள். கடையில் பார்ப்பவை பெரும்பாலும் 75இலிருந்து 105 வரை. என் கணக்கு இது: 65 கிலோவுக்குள் இருப்பவர்களுக்கு 75–82, 65–82 கிலோவுக்கு 80–90, அதற்கு மேல் 90–100. இரண்டுக்கும் நடுவில் தடுமாறினால் சிறியதை எடுங்கள்.

இதில் வாதம் உண்டு. அலை பிடிக்க நாலைந்து வீச்சில் பலகையை வேகமெடுக்க வைக்க வேண்டும், அதற்குப் பெரிய பிளேடு வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெரிய பிளேடு ஒரு வீச்சில் அதிகத் தண்ணீரைப் பிடிக்கும், சாய்ந்து விழப் போகும்போது ஊன்றிக்கொள்ள நல்ல தாங்கலும் தரும். ஆனால் நின்ற பலகையைக் கிளப்பும்போது அந்த முழு எதிர்ப்பும் தோளில்தான் இறங்கும். சைக்கிளில் மேட்டில் நின்றுவிட்டு உயர்ந்த கியரிலேயே மிதிப்பது மாதிரி. சிறிய பிளேடில் வேகமாக ஆறேழு வீச்சு போடலாம். எனக்கு 78 கிலோ எடை. 95இலிருந்து 84க்கு வந்த பிறகு அலை குறையவில்லை, தோள்வலி குறைந்தது.

இன்னொரு லாபம் உண்டு. பிளேடு சிறியதானால் துடுப்பின் அடிமுனை எடையும் தானாகக் குறைகிறது.

வடிவத்தையும் பாருங்கள். தண்ணீரைத் தள்ளும் பக்கத்தின் நடுவில் கூரை முகடு போல ஒரு மெல்லிய புடைப்பு இருந்தால் தண்ணீர் இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்து ஓடும், பிளேடு கையில் நடுங்காது. குழிந்த பிளேடு அகப்பை மாதிரி இறுக்கமாகப் பிடிக்கும். ஆனால் கோணம் கொஞ்சம் தப்பினாலும் தடதடவென்று ஆடும். குழம்பிய கடலில் கோணம் தப்பாமல் இருக்காது. அதனால் மிதமான முகடு உள்ளதே என் தேர்வு.

பிளேடு தண்டோடு நேர்க்கோட்டில் இருக்காது, 10 டிகிரி அளவில் முன்பக்கம் சாய்ந்திருக்கும். அலைக்கு 7 முதல் 10 வரை போதும். சாய்வு அதிகமானால் நீண்ட நேரான ஓட்டத்துக்கு உதவும், ஊன்றித் திரும்புவதற்கு இடைஞ்சல். பிளேடு உங்களைவிட்டு முன்னால் சாய்ந்து பார்க்க வேண்டும். கரண்டியில் அள்ளுவது போலத் தன் பக்கம் திருப்பிப் பிடிப்பது புதியவர் எல்லோரும் செய்யும் தவறு. நானும் ஒரு வாரம் அப்படித்தான் போட்டேன், யாரும் சொல்லவில்லை.

படி 3: எடை எங்கே இருக்கிறது?

கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே 1,200 கிராம் மட்டைகள் இரண்டைக் கையில் எடுத்தால் ஒன்று பறக்கும், மற்றது தொங்கும். தராசுக்கு இரண்டும் ஒன்று, மணிக்கட்டுக்கு இல்லை. துடுப்பும் அப்படித்தான்.

மேல் கையை அச்சாக வைத்து யோசியுங்கள். பிளேடின் நடுப்பகுதி அதிலிருந்து ஏறத்தாழ 165 செ.மீ. தள்ளி இருக்கிறது. நீளத்தை மாற்றும் கிளாம்ப் பொதுவாக 30 செ.மீ. தள்ளி. ஒரு பொருளைச் சுழற்றும்போது எதிர்ப்பு தூரத்தின் வர்க்கத்தோடு கூடும். 165ஐ 30ஆல் வகுத்தால் 5.5, அதன் வர்க்கம் 30. ஆக பிளேடில் கூடுகிற 50 கிராம், கிளாம்பில் கூடுகிற 50 கிராமைவிடச் சுமார் 30 மடங்கு உறைக்கும்.

கார்பன் தண்டும் நைலான் பிளேடும் சேர்ந்த 'பாதி கார்பன்' துடுப்பின் சங்கடம் இதுதான். காசு கொடுத்து எடையைக் குறைத்த இடம் தண்டு, எடை தங்கிவிட்ட இடம் பிளேடு. நான் ஏமாந்த 760 கிராம் துடுப்பு அந்த வகை. ஃபைபர் கிளாஸ் துடுப்பு ஒன்று அதே எடை இருந்தும் கையில் லேசாக இருந்தது எப்படி என்று ரொம்ப நாள் புரியவில்லை. பட்ஜெட் பாதிக்குத்தான் இடம் தருகிறது என்றால் பிளேடில் செலவழியுங்கள். கார்பன் அல்லது ஃபைபர் கிளாஸ் பிளேடு, சாதாரணத் தண்டு. அந்தக் கலவை கடையில் குறைவாகவே கிடைக்கும், ஆனால் கிடைத்தால் விடாதீர்கள்.

படி 4: பொருளும் கிராமும்

அலுமினியத் தண்டு, பிளாஸ்டிக் பிளேடு என்றால் 900 கிராமிலிருந்து 1,200 வரை வரும். வாடகைக்கு விடும் இடங்களில் இதுதான் இருக்கும். அடி தாங்கும், விலை குறைவு, பழக நல்லது. முழு ஃபைபர் கிளாஸ் 650–850. முழு கார்பன் 420–620. மரத் துடுப்பு 650–900, பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் உப்பும் வெயிலும் படும் நம் ஊரில் வார்னிஷ் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆசைக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

லேசான துடுப்பு அலையில் உடையுமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. உடையும். கார்பன் இழுவிசையை அருமையாகத் தாங்கும், ஓரிடத்தில் விழும் கூர்மையான அடியைத் தாங்காது. அலுமினியம் வளையும், ஃபைபர் கிளாஸ் வெளுத்துக் காட்டும், கார்பன் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு ஒரு நாள் படக்கென்று போகும். கரையோர அலை துடுப்பை மணலில் குத்த, பலகை அதன்மேல் ஏற, தண்டு இரண்டாக உடைவது என் கண்முன்னால் நடந்தது. அடியில் பாறை உள்ள அலையிடங்களில் பிளேடின் விளிம்பு சிதையும். இலங்கையின் அறுகம்குடாவுக்கு விடுமுறையில் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் தேர்வு கடினமாகிறது. வீச்சு லேசாக இருக்க வேண்டும் என்றால் பிளேடு மெலிய வேண்டும். அலை தாங்க வேண்டும் என்றால் பிளேடு தடிக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் மோதுகின்றன. 400 கிராமுக்குக் கீழே போகும் பந்தயத் துடுப்புகளில் நுரை உள்ளீட்டின்மேல் தோல் போல ஒரு கார்பன் படலம்தான் இருக்கும். பலகையின் விளிம்பில் இரண்டு முறை இடித்தால் பள்ளம் விழும், அதன் வழியாகத் தண்ணீர் புகும். அலைக்கு என் பரிந்துரை 480இலிருந்து 600 கிராம் வரை. பிளேடைச் சுற்றி ஏபிஎஸ் பிளாஸ்டிக் விளிம்பு கட்டியிருந்தால் சில பத்து கிராம் கூடும், அதுவும் மோசமான இடத்தில்தான் கூடும், இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அது துடுப்பை மட்டும் அல்லாமல் பலகையின் விளிம்பையும் காப்பாற்றும்.

விளம்பரத்தில் '3கே கார்பன்' என்று பெரிதாகப் போடுவார்கள். ஓர் இழைக்கட்டில் 3,000 நுண்ணிழைகள் இருக்கின்றன என்பதுதான் அதன் பொருள். கண்ணுக்குத் தெரியும் அந்தச் சதுரக் கட்டம் போட்ட நெசவு பெரும்பாலும் மேல் அலங்காரம், உள்ளே என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது. தண்டின் வெட்டிய முனையைப் பாருங்கள். வெளியே கறுப்பும் உள்ளே வெளிர்நிறமும் தெரிந்தால் பெரும்பகுதி ஃபைபர் கிளாஸ். அது மோசம் என்று அர்த்தமில்லை, கார்பன் விலை கேட்டால் மட்டும் கோபப்படுங்கள்.

விற்கிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். சொல்லும் எடை எந்த நீளத்துக்கு? கைப்பிடி சேர்ந்ததா? பிளேடு எந்தப் பொருள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் சுற்றி வளைத்து வந்தால் வேறு கடை பாருங்கள்.

படி 5: தண்டும் கைப்பிடியும்

பெரியவர்களுக்கான தண்டின் விட்டம் பொதுவாக 29 மி.மீ. கை சிறியதாக உள்ளவர்கள் 26, 27 மி.மீ. தண்டைத் தேடுவது நல்லது. தடித்த தண்டை இறுக்கிப் பிடித்துப் பிடித்து முன்கை கடுக்கும். முட்டை வடிவத் தண்டு என்றால் பார்க்காமலே பிளேடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரல் சொல்லிவிடும்.

விறைப்பு அதிகமான தண்டு நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. போடும் விசை வீணாகாமல் தண்ணீருக்குப் போகும் என்பது உண்மைதான். அதே மாதிரி தண்ணீரின் அதிர்வும் வீணாகாமல் மூட்டுக்கு வரும். நாற்பது தாண்டியவர்களும் ஏற்கெனவே தோளில் தொந்தரவு உள்ளவர்களும் கொஞ்சம் வளையும் தண்டை எடுங்கள். கார்பனோடு ஃபைபர் கிளாஸ் கலந்த தண்டு இதற்குப் பொருத்தம். 40, 50 கிராம் கூடினாலும் தண்டில்தானே கூடுகிறது.

கைப்பிடி உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும், கூர்மையான விளிம்பு இருக்கக் கூடாது. ஈரக் கையோடு பிடித்துப் பாருங்கள். இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

படி 6: ஒரே துண்டா, கழற்றி மாட்டுவதா?

அலைக்கு ஒரே துண்டுதான் சிறந்தது. எடை குறைவு, தண்ணீர் புகாது, ஆடாது. ஆனால் வீட்டில் இரண்டு பேர் பகிர்ந்துகொள்கிறீர்கள் என்றால் மேல்பக்கம் நீளம் மாற்றும் இரண்டு துண்டுத் துடுப்பு எடுக்கலாம். கிளாம்ப் 80 முதல் 150 கிராம் கூட்டும். அது கைப்பிடிக்குப் பக்கத்தில் இருப்பதால் வீச்சில் அவ்வளவு தெரியாது என்பதை மேலே பார்த்தோம். அதனால் தராசு சொல்வதைக் கேட்டு அவற்றை ஒதுக்க வேண்டாம். நீளம் பற்றி முடிவுக்கு வராத முதல் வருடத்துக்கு இதுவே புத்திசாலித்தனம்.

மூன்று துண்டுத் துடுப்பு விமானப் பயணத்துக்கு வசதி, அலைக்கு இல்லை. கீழ்ப்பக்க இணைப்பு மிக அதிக விசை விழும் இடத்தில் இருக்கிறது. மணல் புகுந்தால் இறுகிக்கொண்டு பிரிய மறுக்கும். கோவளத்தில் இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து இழுவைப் போட்டி நடத்தியதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், அடுத்த மாதம் நானே அதில் ஒரு முனையில் நின்றேன்.

படி 7: கையில் எடுத்துப் பார்ப்பது

கடைக்குப் போக முடிந்தால், அல்லது நண்பரின் துடுப்பு கிடைத்தால், நீளம் ஒத்த இரண்டு துடுப்புகளை எடுங்கள். முதலில் கைப்பிடியை ஒரு கையால் பிடித்து, பிளேடு கீழே தொங்க, பக்கவாட்டில் சட்டென்று ஆட்டி நிறுத்துங்கள். நிறுத்தும்போது மணிக்கட்டை எது அதிகமாக இழுக்கிறதோ அது வீச்சில் கனம். அடுத்து ஒரு விரலில் கிடையாக வைத்துச் சமநிலைப் புள்ளியைத் தேடுங்கள். அந்தப் புள்ளி பிளேடிலிருந்து எவ்வளவு தள்ளி மேலே வருகிறதோ அவ்வளவு நல்லது.

பிறகு தண்டைச் சுற்றி விரல் நகத்தால் தட்டிக்கொண்டே போங்கள். ஒரே மாதிரி ஒலி வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் ஒலி மங்கினால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். பழைய துடுப்பு வாங்கும்போது இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள், முக்கியமாகத் தண்டும் பிளேடும் சேரும் கழுத்தில்.

முடிந்தால் தண்ணீரில் இருபது நிமிடம். காலையில் கடல்காற்று எழும்புவதற்கு முன்னால் போங்கள், அப்போதுதான் துடுப்பின் குணம் தெரியும். முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாத் துடுப்பும் அருமையாகத்தான் இருக்கும். பதினைந்தாவது நிமிடத்தில் உங்கள் மேல் தோள் காதை நோக்கி ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஏறினால் நீளம் அதிகம், அல்லது பிளேடு பெரிது.

படி 8: வெட்டி ஒட்டுவது

நல்ல ஒரே துண்டுத் துடுப்புகள் பலவும் கைப்பிடி ஒட்டாமல் நீளமான தண்டோடு வரும், நாமே வெட்டிக்கொள்ள வேண்டும். பயப்பட வேண்டாம்.

கைப்பிடியை ஒட்டாமல் தண்டில் செருகி, தண்டுக்கு மேல் அது எவ்வளவு நிற்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். 4 செ.மீ. நிற்கிறது, மொத்தம் 182 வேண்டும் என்றால் பிளேடின் நுனியிலிருந்து 178இல் குறி. முதல் வெட்டை 5 செ.மீ. கூடுதலாக வைத்து வெட்டுங்கள். கைப்பிடியைச் செருகி இன்சுலேஷன் டேப் சுற்றி இரண்டு முறை கடலுக்குப் போய்வந்த பிறகு கடைசி வெட்டு.

வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப் இரண்டு சுற்று சுற்றுங்கள், இழை பிரியாது. அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஹேக்சா பிளேடு போதும். தண்டை மெல்லத் திருப்பித் திருப்பி எல்லாப் பக்கமும் சமமாக வெட்டுங்கள், ஒரே பக்கமாக அறுத்தால் கடைசியில் பிய்யும். கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம், கண்ணாடி, கையுறை அவசியம். மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துக்கொண்டே செய்யுங்கள், குழந்தைகளைக் கீழே அனுப்பிவிடுங்கள். முனையை மெல்லிய உப்புத்தாளை நனைத்துத் தேய்த்துவிட்டால் வேலை முடிந்தது.

கைப்பிடியை ஒட்ட எப்பாக்ஸி வேண்டாம், சூடாக்கினால் இளகும் ஹாட் மெல்ட் பசைக்குச்சிதான் சரி. பின்னால் நீளம் மாற்ற நினைத்தால் ஹீட் கன்னில் மிதமாகச் சூடு காட்டிக் கழற்றிவிடலாம். பசையைக் கைப்பிடியின் அடிப்பகுதியில் தடவி, செருகி, ஆறுவதற்குள் கைப்பிடி பிளேடுக்கு நேராக இருக்கிறதா என்று தண்டின் வழியே ஒரு கண்ணால் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். நான் முதல் முறை ஐந்து டிகிரி கோணலாக ஒட்டிவிட்டு, துடுப்பு ஏன் ஒரு பக்கமாகவே இழுக்கிறது என்று காற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இதிலிருந்தே ஓர் எச்சரிக்கையும் பிறக்கிறது. மே மாத மதியத்தில் மூடிய காருக்குள் துடுப்பைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். அந்தப் பசை காருக்குள் இளகிவிடும். திரும்பி வந்து அலையில் ஊன்றும்போது கைப்பிடி மட்டும் கையில் இருக்கும்.

பார்த்துக்கொள்வது

கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கிளாம்ப் உள்ள துடுப்பு என்றால் கழற்றி உள்ளேயும் அலசி, தனித்தனியாகக் காய வையுங்கள். கார்பனும் உலோகமும் உப்புநீரில் சேர்ந்திருந்தால் உலோகம் சீக்கிரம் அரிக்கும். பிளேடு விளிம்பில் சிறு சிதைவு தெரிந்தால் முழுதும் காயவைத்து எப்பாக்ஸி பூசி மூடிவிடுங்கள். தள்ளிப்போட்டால் உள்ளே நுரை தண்ணீர் குடிக்கும், குறைத்த கிராமெல்லாம் திரும்பி வந்து உட்காரும்.

விழும்போது துடுப்பைப் பலகைக்கும் உடம்புக்கும் நடுவில் வராமல் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டே விழப் பழகுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கும்போது விட்டுவிடாதீர்கள். இடி மின்னல் தெரிந்தால் உடனே கரையேறுங்கள், கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கடைசியாக ஒரு வேலை. துடுப்பை வாங்கி வெட்டி முடித்ததும் தராசில் வைத்து, கிடைத்த எடையைத் தண்டில் பெர்மனென்ட் மார்க்கரால் எழுதிவையுங்கள். என்னுடையதில் 545 என்று இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப வைத்துப் பார்ப்பேன். போன முறை 570 காட்டியது. காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன், சத்தம் இல்லை. பிளேடின் அடிவிளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தது.